சிறிய பந்தயத் தடத்தில் பயிற்சி போதுமா?

கேள்வி: நாங்கள் திருப்பூரில் வசிக்கிறோம். 18 வயதான என் மகன் கார் பந்தயம் கற்க விரும்புகிறான். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே மிகச் சிறியது என்றும், சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடத்துக்கே அனுப்புவது நல்லது என்றும் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: செட்டிபாளையத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள். 2003-இல் திறக்கப்பட்ட அந்தத் தடத்தின் நீளம் 2.1 கிலோமீட்டர், இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். கற்பவருக்கு இந்தக் குறுகிய நீளம் ஒரு வசதியே. 100 கிலோமீட்டர் ஓட்டினால் பெரிய தடத்தில் ஒரே வளைவை 27 முறை சந்திக்கும் மாணவர், இங்கே 47 முறை சந்திப்பார். எங்கே பிரேக்கை அழுத்துவது, எந்த இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்புவது, எப்போது மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதிப்பது என்பதில் செய்த தவறு நினைவில் பசுமையாக இருக்கும்போதே அதே வளைவு மறுபடியும் வந்துவிடுவதால், அதை உடனே திருத்திப் பார்க்க முடிகிறது. மேலும், இடைவிடாமல் வளைவுகள் வருவதால், வளைவில் இழந்த நேரத்தை எஞ்சின் வலிமையால் நேர்ப்பாதையில் மீட்டுக்கொள்ளும் வாய்ப்பும் குறைவு. ஓட்டுநரின் உண்மையான திறன் இங்கே வெளிப்படையாகத் தெரிந்துவிடும்.

இத்தடம் தன் பெயரில் சுமந்திருக்கும் எஸ். கரிவரதன், மாருதி எஞ்சினைப் பொருத்தி, குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியவர். 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் தொடக்கக் காலத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதி எனப்படும் இந்தக் கார்களையே. எளிய காரும் அருகிலேயே ஒரு தடமும் இல்லாமல் நம் ஊரில் ஓட்டுநர்கள் உருவாக முடியாது என்பது என் உறுதியான கருத்து.

ஆயினும், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் மிகுந்த வேகத்திலிருந்து பிரேக் பிடிப்பதையும், முன்செல்லும் காரின் பின்னால் காற்றெதிர்ப்புக் குறைவாக இருப்பதைப் பயன்படுத்தி முந்துவதையும் சிறிய தடத்தில் போதிய அளவு பழக இயலாது. எனவே அடிப்படை கைவந்தபின் மகனை இருங்காட்டுக்கோட்டைக்கும் அனுப்புங்கள்.

போட்டியில் இறங்க, இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் போட்டி உரிமம் தேவை. பயிற்சியில் சேர்க்கும் முன், கட்டணத்தில் டயரும் எரிபொருளும் அடங்குமா, கார் மோதிச் சேதமடைந்தால் செலவை யார் ஏற்பது என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பெற்றோர் எதிர்பாராத பெருஞ்செலவு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.