ஹார்மோன் ஊசிக்குப் பிறகும் பி.எஸ்.ஏ. ஏறுவது ஏன்?

கேள்வி: என் அப்பச்சிக்கு எழுபது வயது கடந்துவிட்டது. எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போட்டு வருகிறோம். அடங்கியிருந்த பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதத்தின் இரத்த அளவு) மீண்டும் ஏறுகிறது. திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘பிடென் இழப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். ஊசி மருந்து தரமற்றதா? அதை நிறுத்திவிடலாமா? ஆத்தா நாள்தோறும் கவுனி அரிசி செய்து கொடுப்பது பலன் தருமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: மருந்தின் மேல் சந்தேகம் இருந்தால், இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவைப் பாருங்கள். அது டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தால், ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்நோய் அடங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் 1941-இல் காட்டினார். 1966-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். ஆனால், இரண்டு தெருக்களிலும் வாசல் வைத்த உங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் முகப்பை மட்டும் பூட்டினால் போதாதல்லவா, அதுபோலவே புற்றணுவுக்கும் வேறு வழி உண்டு.

அந்த வழியைத் திறப்பவை கைனேஸ் என்னும் நொதிகள். பி.ஐ.3.கே. என்ற நொதி செல்சவ்விலுள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது, அதனால் ஏ.கே.டி. என்ற அடுத்த நொதி விழித்து, ‘வளர், பெருகு, சாகாதே’ என்ற கட்டளைகளைச் செல்லுக்குள் பரப்புகிறது. சேர்த்த பாஸ்பேட்டைக் கழற்றி இதை அடக்குவதுதான் பிடென் நொதியின் பணி. அதை இழந்த செல்லில் ஏ.கே.டி. ஓயாமல் இயங்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு: ஆண் ஹார்மோன் ஏற்பி (அந்த ஹார்மோனின் செய்தியைச் செல்லுக்குள் வாங்கும் புரதம்) இயங்கும்வரை ஏ.கே.டி.யை ஓரளவு கட்டுப்படுத்துகிறது. ஏற்பியை ஒடுக்கினால் ஏ.கே.டி. எழுகிறது, ஏ.கே.டி.யை மட்டும் ஒடுக்கினால் ஏற்பி எழுகிறது. ஆண் ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் அபிரடரோனுடன் காபிவாசெர்டிப் என்ற ஏ.கே.டி. தடுப்பு மருந்தைச் சேர்த்து, பிடென் இழந்த நோயாளிகளிடம் ஆராய்ந்ததன் காரணம் இதுவே. ஆனால் அந்த ஆய்வு, ஹார்மோன் சிகிச்சைக்கு நோய் இன்னும் கட்டுப்படும் நிலையில் இருந்தவர்களிடம் நடந்தது. அதை அப்படியே உங்கள் அப்பச்சிக்குப் பொருத்திவிட முடியாது.

இன்சுலினும் தன் செய்தியை இதே பி.ஐ.3.கே., ஏ.கே.டி. வழியாகத்தான் அனுப்புகிறது. எனவே இவ்வகை மருந்துகளால் இரத்தச் சர்க்கரை ஏறக்கூடும். வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும் வரலாம். கவுனி அரிசி நல்ல உணவு, அதை மருந்தாக எண்ண வேண்டாம். சர்க்கரையும் தேங்காயும் போட்டுக் கிளறுவதை நீரிழிவுள்ளவர் தினமும் உண்பது எனக்கு உடன்பாடில்லை.

ஊசியை நிறுத்தாதீர்கள். முகப்பு வாசல் பூட்டியே இருக்கட்டும் என்பதால், நோய் முன்னேறிய பின்பும் அதைத் தொடர்ந்துகொண்டே அபிரடரோன், என்சலூடமைட், டோசிடாக்செல் போன்ற புற்றுநோய் மருந்துகளில் பொருத்தமானதைச் சேர்ப்பதே வழக்கமான முறை. அபிரடரோன் கொடுத்தால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் உடன் வரும். இரத்த அழுத்தத்தையும் பொட்டாசியத்தையும் கவனிக்க வேண்டும்.

டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்ய உதவும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களும் பரிசோதிக்கப்பட்டனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவற்றில் பழுதிருந்தால், டி.என்.ஏ.வைச் செப்பனிடும் பார்ப் நொதியைத் தடுக்கும் ஒலாபாரிப் என்ற மருந்து பயன்படலாம். அது பரம்பரையாக வந்த பழுதாயின், அப்பச்சியின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளும், மரபணு ஆலோசனை பெற வேண்டியிருக்கும்.