பம்பர் கீறலுக்கு கிளெய்ம் போடலாமா?

அண்ணே, சிம்மக்கல் சந்தில் கார் பம்பர் உரசிவிட்டது, இன்சூரன்ஸில் நாலு வருடமாக கிளெய்மே இல்லை, அடுத்த மாதம் ரினிவல், பிரீமியத்தைக் குறைக்க வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், அந்தக் கீறலுக்கு அவசரப்பட்டு கிளெய்ம் போடாதீர்கள். கிளெய்ம் போடாமல் இருந்ததற்குத் தரும் தள்ளுபடிதான் நோ கிளெய்ம் போனஸ்; நாலு வருடத்துக்கு அது 45%. பிரீமியத்தில் சொந்த சேதப் பகுதி, அதாவது உங்கள் வண்டியின் சேதத்துக்கான பங்கு, 6,000 ரூபாய் என்றால் 2,700 கழியும். கிளெய்ம் போட்டால் அது பூஜ்யம். திரும்ப 20%-லிருந்து ஏற வேண்டும். போதாததற்கு ஒவ்வொரு கிளெய்மிலும் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்துதான். பட்டறையில் டிங்கரிங், பெயிண்டிங் சேர்த்து என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

மூன்றாம் நபர் பிரீமியத்தில், அதாவது உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான பங்கில், பேரம் நடக்காது. உங்கள் 1,200 சிசி காருக்கு 2022-ல் அரசு நிர்ணயித்தது 3,416 ரூபாய், எந்தக் கம்பெனியிலும் அதேதான். வித்தியாசமெல்லாம் சொந்த சேதப் பகுதியில்தான். ஷோரூம்காரர் சொல்வதோடு நிற்காமல் இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள்.

அப்புறம், பைக் பாலிசியில் 15 லட்சம் விபத்துக் காப்பீடு உங்கள் பெயரில் இருக்கிறதா? இருந்தால் காருக்குத் தனியாக வேண்டாம்.

பாலிசியில் எழுதும் வாகன மதிப்பை மட்டும் குறைத்துப் போடச் சம்மதிக்காதீர்கள். வண்டி திருடு போனால் அந்தத் தொகைதான் கிடைக்கும். தேதியும் முக்கியம்: பாலிசி முடிந்து ரினிவல் பண்ணாமல் 90 நாள் தாண்டினால் போனஸ் மொத்தமும் போச்சு.