கேள்வி பதில்: தெளித்து உலர்த்தும் நுண்படிகங்கள்

கேள்வி: 1 சதவீத உப்புக் கரைசலைக் காற்றழுத்த நாசிலில் தெளித்துச் சூடான காற்றில் உலர்த்துகிறோம். துளி 10 மைக்ரான். அரை மைக்ரான் படிகம் வேண்டும். வருவதோ 2 மைக்ரானை ஒட்டி, பலவும் உள்ளே பொள்ளலாக. என்ன செய்யலாம்?

பதில்: ஒரு துளியில் கரைந்த உப்பு முழுவதும் ஒரே துகளாக மிஞ்சும். எனவே செறிவை (மில்லிலிட்டருக்கு 0.01 கிராம்) உப்பின் அடர்த்தி 2.16ஆல் வகுத்து, கனமூலம் எடுத்து, துளியின் விட்டத்தால் பெருக்குங்கள்: 1.7 மைக்ரான். பொள்ளலும் சேர்ந்தால் 2. நாசிலில் கோளாறு எதுவும் இல்லை.

பலரும் உடனே கரைசலை நீர்க்கச் செய்வார்கள். கனமூலக் கணக்கு என்பதால் பத்து மடங்கு நீர்த்தாலும் 0.77 மைக்ரான்தான். லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்புகள் கொண்ட குழாய்நீரில் நீர்த்தீர்களோ, துகளில் ஏறக்குறைய கால் பங்கு வேண்டாத சரக்கு! காய்ச்சி வடித்த நீர் கட்டாயம்.

துளியைச் சிறிதாக்குவதே நேர்வழி. 1.7 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் தெளிப்பான் சுமார் 3 மைக்ரான் துளி தரும். அதே 1 சதவீதக் கரைசலிலேயே அரை மைக்ரான் கிடைத்துவிடும். ஆனால் மணிக்குக் கிடைக்கும் தூள் வெகுவாகக் குறையும்.

பொள்ளலுக்குக் காரணம் அவசரம். நீர் ஆவியாகும் வேகத்துக்கு உப்பு துளியின் நடுவை நோக்கிப் பரவ முடியாமல் விளிம்பிலேயே ஓடு கட்டுகிறது. உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் படிப்படியாக இறக்குங்கள். தூள் ஈரமாக வரத் தொடங்கினால் கரைசல் செலுத்தும் வேகத்தையும் குறையுங்கள்.

சேகரிப்பில்தான் பாதி சரக்கு போய்விடும். ஒரு மைக்ரானுக்குக் கீழ் சாதாரண சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு) பெரும்பகுதியைக் கோட்டைவிடும்; மின்புலத்தால் துகளை இழுத்துப் பிடிக்கும் கருவியோ சவ்வு வடிகட்டியோ வேண்டும். சேகரிக்கும் கருவியின் சுவர் குளிர்ந்து, அங்கே ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை உறிஞ்சிக் கசிந்து, துகள்கள் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: இதே முறையில் லாக்டோஸ் (பால் சர்க்கரை) செய்தால் சுவரில் ஒட்டுகிறது, எக்ஸ்-கதிர் வரைபடத்தில் கூர்முனைகளே இல்லை.

பதில்: அது படிகமே அல்ல, மூலக்கூறுகள் ஒழுங்கின்றி உறைந்த கண்ணாடி நிலைத் தூள். உப்பு எவ்வளவு விரைவாக உலர்ந்தாலும் படிகமாகிவிடும். சர்க்கரை மூலக்கூறுகளுக்கு வரிசையில் அமர நேரம் வேண்டும். ஈரம் ஏறினால் கண்ணாடி இளகும், ஒட்டும். பின்னர் ஈரக்காற்றில் வைத்துப் படிகமாக்கலாம். ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து, பாடுபட்டுப் பெற்ற நுண்மை போய்விடும். முன்பே நுண்ணியதாக அரைத்த லாக்டோஸ் படிகங்களைத் தெவிட்டிய லாக்டோஸ் கரைசலில் கலக்கித் தெளியுங்கள். கரைந்திருக்கும் பங்கு மட்டுமே கண்ணாடியாகும்.