வீட்டில் மின்சாரக் கார் சார்ஜ் செய்ய 13 ஆம்பியர் பிளக் போதுமா, த்ரீ பேஸ் எடுக்க வேண்டுமா?

பிளக்கைப் பற்றியும் பேஸைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கார் வாங்கியபோது நானும் கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் வீடும் எங்களுடையதைப் போல 30 ஆம்பியர் சிங்கிள் பேஸ் என்று வைத்துக்கொள்கிறேன்.

த்ரீ பேஸ் தேவையில்லை. 230 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் வீடு முழுவதற்கும் 6.9 கிலோவாட். கார் விற்கிறவர்கள் 7 கிலோவாட் சுவர் சார்ஜரைப் பூட்டச் சொல்வார்கள். அது தனியே 32 ஆம்பியர் இழுக்கும், உங்கள் இணைப்பு அதற்குக் காணாது. ஆனால் நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ஐந்து யூனிட் போதுமே. 10 ஆம்பியரில் வைத்தால் இரண்டரை மணி நேர வேலை. இரவு 10.30க்குப் பிறகு போட்டுவிட்டுப் படுங்கள், மாலை நெருக்கடியும் முடிந்திருக்கும்.

13 ஆம்பியர் சதுர பிளக்கில் 10 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். கேத்தில் ஐந்து நிமிடம் இழுக்கும், கார் மணிக்கணக்காக இழுக்கும். அதிலும் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் பித்தளை பச்சை பிடித்துப் பிடிப்புத் தளர்ந்தால் அந்த இடத்தில்தான் சூடேறும். எங்கள் பிளக்கின் ஒரு கால் மூன்றாம் மாதமே பழுப்பாகிவிட்டது.

இனி எர்த். நாங்கள் இருப்பது திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம். ஜப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப், 24 கிலோவாட் மணி பேட்டரி. வாங்கியது ஆடி மாதம், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். முற்றத்து மணல் பொரிந்து கிடந்தது. கேபிளைச் செருகினால் சிவப்பு விளக்கு, சார்ஜ் ஏறவில்லை. எர்த் சரியில்லை என்று கேபிளில் இருக்கும் பெட்டியே கண்டுபிடித்து மறுத்திருக்கிறது. அப்போது எங்களுக்கு அது விளங்கவில்லை.

வழக்கமாக வயரிங் செய்கிறவரைக் கூப்பிட்டோம். பிளக் பொயின்ட்டைக் கழற்றி, உள்ளே நியூட்ரலையும், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயரையும், எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டார். பத்து நிமிட வேலை. பச்சை விளக்கு வந்தது, நான் நன்றியும் சொல்லிக் காசும் கொடுத்து அனுப்பினேன்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. கார் சார்ஜில் இருக்கும் இரவுகளில் மட்டும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. அதே ஆள் தொலைபேசியில், "ட்ரிப் சுவிட்ச் பழசு அண்ணை, பைபாஸ் பண்ணிவிடுவம்" என்றார். நான் சம்மதிக்கப் போனேன். மனைவிதான் மறித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த பாலையூற்றுத் தம்பி ஒருவரை வரவழைத்தார்.

அவர் அந்தத் துண்டு வயரைக் கண்டதும் முதலில் மெயினை அணைத்தார். பிறகு எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இருக்க வேண்டும், 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால் ட்ரிப் சுவிட்ச் விழும். அந்த இணைப்பால் திரும்பும் கரண்டில் கொஞ்சம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. காய்ந்த மணல் அதிகம் விடவில்லை. மழையில் நனைந்த மணல் விட்டது, ட்ரிப் சுவிட்ச் பிடித்துக்கொண்டது. இதைவிடப் பயங்கரம், நியூட்ரல் எங்காவது கழன்றால் காரின் உடம்பு முழுவதும் கரண்ட் ஏறிவிடும். அந்த நேரம் உயிருக்குக் காவல் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். அதைத்தான் பைபாஸ் செய்யப் பார்த்தோம்.

என் மகள் தினமும் விடியற்காலை செருப்பில்லாமல் ஈர முற்றத்தில் நின்று, கேபிள் செருகியபடி இருக்கும் காரின் பொனட்டில் புத்தகப் பையை வைத்துத்தான் சப்பாத்து போடுவாள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

தம்பி செய்தது இவ்வளவும்தான். பழைய நான்கடி எர்த் கம்பி மழை ஈரத்திலேயே 90 ஓமுக்கு மேல் தடை காட்டியது; இது குறையக் குறைய நல்லது. மூன்று கம்பிகளைப் பொருத்திப் பன்னிரண்டு அடிக்கு இறக்கினார். எங்கள் கிணற்றில் பத்தடியில் தண்ணீர், கம்பி அந்த ஈரத்தைத் தொட்டது. 18 ஓமுக்கு வந்தது. காருக்கென்று தனி லைன், 7/1.04 வயர், அதாவது 6 சதுர மில்லிமீட்டர். 20 ஆம்பியர் பிரேக்கர், நீல நிற 16 ஆம்பியர் தொழிற்சாலை சொக்கட். தனியாக 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச், அதுவும் ஏ வகை. காரிலிருந்து நேர் மின்னோட்டம் (டிசி) கசிந்தால் சாதாரண ஏசி வகை மந்தமாகிவிடும் என்பதால், பழைய ட்ரிப் சுவிட்ச் வழியாக எடுக்காமல் மெயினிலிருந்தே லைனைப் பிரித்தார். கேபிள் பெட்டியிலும் 6 மில்லிஆம்பியர் நேர் மின்னோட்டக் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இதே தம்பியை என் உறவுக்காரர் வீட்டு வேலைக்கு அனுப்பினேன். இரண்டு நாள் வேலை. மத்தியானச் சாப்பாட்டை விறாந்தைக்கு வெளியே, மாமரத்தடியில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கூலியிலும் பேரம். கேற்றுக்கும் தரை ஓட்டுக்கும் இலட்சக்கணக்கில் கொட்டியவர்கள் அவர்கள். அந்தத் தம்பி இப்போது கத்தாரில். ஏன் ஊரில் நல்ல வேலைக்காரர் இல்லை என்று அவர்கள் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி. லண்டனில் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்துதானே வருகிறது என்று யாராவது சொல்லக்கூடும். அங்கே மின்சார நிறுவனமே தன் பக்கத்தில் ஒழுங்குப்படி சேர்த்துத் தருகிறது. அப்படியிருந்தும் வெளியே நிற்கும் காருக்கு நியூட்ரல் அறுந்தால் துண்டிக்கும் தனிப் பாதுகாப்பையோ தனி எர்த்தையோ கேட்கிறார்கள். இங்கே எர்த் கம்பி நம் முற்றத்தில், நம் பொறுப்பில். பிளக் பெட்டிக்குள் துண்டு வயர் போடுவதும் அதுவும் ஒன்றல்ல. நான் மின் பொறியியலாளர் இல்லை, என் வீட்டில் நடந்ததைத்தான் எழுதினேன். கம்பி அளவுகளை உங்கள் வீட்டைப் பார்த்து ஒருவர் முடிவு செய்யட்டும்.

ஆனால் எர்த்தை அளக்கிறவரை மார்கழியில் கூப்பிடாதீர்கள். நனைந்த மண்ணில் எந்த எர்த்தும் இருப்பதைவிட நல்லதாகக் காட்டும். ஆவணியில், மணல் காய்ந்து கிடக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். எங்களுடையது போன ஆவணியில் 25 ஓம்.