தரவுத்தளப் பிழைக்குக் காரணம் நெட்வொர்க்கா, வட்டா என்று எப்படிப் பிரித்தறிவது?

அலுவலகத் தரவுத்தளத்தில் அவ்வப்போது பிழை வருகிறது, மென்பொருள் தந்தவர்கள் நெட்வொர்க் என்கிறார்கள், நெட்வொர்க் குழுவினர் மென்பொருள் என்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் கிடங்கு நிறுவனங்களின் தரவுத்தளங்களைப் பராமரிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தவறு யாருடையது என்ற விவாதத்தை ஒத்திவைத்துவிட்டு, வந்தது இணைப்பு அறுந்த பிழையா, சேமிப்பு வட்டில் ஒரு பக்கம் (தரவுத்தளம் தரவைப் பிரித்து வைக்கும் சிறு பகுதி) கெட்ட பிழையா என்பதை முதலில் பாருங்கள். முன்னதில் வேலை தடைபடும். பின்னதில் தரவே போய்விடும்.

இணைப்புப் பிழையில் பிழை எண்ணைவிட அது வந்த நேரம்தான் அதிகம் சொல்லும். துவாஸில் ஒரு கிடங்கில், மதிய உணவு முடிந்து ஊழியர்கள் திரும்பியதும், முதல் ஸ்கேன் மட்டும் இணைப்பு அறுந்து தோல்வியடைந்துவந்தது. அங்கிருந்த தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியும் பயனில்லை. பிழை வந்த நேரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிய பிறகே, ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா இருந்த இணைப்புகள் மட்டும் அறுகின்றன என்பது புலப்பட்டது. இடையிலிருந்த ஃபயர்வால் என்ற பாதுகாப்புத் தடுப்பு, 3,600 விநாடிகள் போக்குவரத்து இல்லாத இணைப்பைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. லினக்ஸோ, மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவ் செய்தியை, நாம் மாற்றாதவரை, 7,200 விநாடிகளுக்குப் பிறகுதான் அனுப்பும். போஸ்ட்கிரஸில் அந்த அளவை 300 விநாடிகளாகக் குறைத்ததும் பிழை நின்றது.

பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) நன்றாக வருகிறது என்ற பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வழியில் ஒரு சுவிட்ச் (கணினிகளை இணைக்கும் பெட்டி) 1,500 பைட்டும் சர்வர் 9,000 பைட்டும் என்று பொட்டலத்தின் (ஒரே முறையில் அனுப்பும் தரவுத் துண்டின்) உச்ச அளவு மாறியிருந்தால், சிறிய பிங்கும் சிறிய வினவலும் தடையின்றிப் போகும், பெரிய அறிக்கை மட்டும் பாதியில் நின்றுவிடும். பொட்டலத்தைத் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் 8,972 பைட் பிங் அனுப்பினால் இது உடனே தெரியும். சுவிட்ச் போர்ட்டில் சிஆர்சி பிழைகளின் (வழியில் சிதைந்து வந்த தரவுத் துண்டுகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தால், வேறெதையும் தொடுவதற்கு முன் கேபிளை மாற்றுங்கள்.

வட்டுப் பிழையைப் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். மைக்ரோசாஃப்ட்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரில் 823 என்பது இயங்குதளமே படிக்கவோ எழுதவோ முடியாமல் திரும்பிய பிழை. 824 என்பது படிக்க முடிந்தும் 8 கேபி பக்கத்தின் உள்ளடக்கம் சரிபார்ப்பில் தோற்ற பிழை. இவ்விரண்டும், பிழையின் கடுமையைக் காட்டும் தீவிர எண் 24 என்று பதிவாவதால் எவர் கண்ணிலும் படும். 825 அப்படியல்ல. முதல் முறை படிக்க முடியாமல், மறுபடி முயன்றபோது படிக்க முடிந்தது என்பதே அதன் பொருள். வினவலுக்கு விடை கிடைத்துவிடுவதால் பயனாளருக்கு எதுவும் தெரியாது, தீவிரமும் வெறும் 10 என்பதால் எச்சரிக்கை மின்னஞ்சல்களிலும் அது பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. ஊபி வட்டாரத்தில் ஓர் அலுவலகத்தில் மூன்று வாரங்களாக 825 பதிவாகிக்கொண்டிருந்ததை, 824 வந்த அன்று பழைய லாகை (பிழைப் பதிவேட்டை)ப் புரட்டியபோதுதான் பார்த்தோம். அந்த மூன்று வாரங்களில் ஒரு நாள் போதும், வட்டை நிதானமாக மாற்றியிருக்கலாம். ஆகவே 825க்கென்று தனியாக ஓர் எச்சரிக்கையை இன்றே அமைத்துவிடுங்கள். 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மேம்படுத்தி வந்த பழைய தரவுத்தளமென்றால், பக்கச் சரிபார்ப்பு ‘செக்சம்’ (பக்கத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண்ணை வைத்துச் சோதிக்கும் முறை) என்று மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மாற்றிய பிறகும், மறுபடி எழுதப்படும் பக்கங்களுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு கிடைக்கும்.

பக்கம் கெட்டுவிட்டது என்று தெரிந்ததும், தரவு இழப்பை அனுமதித்துப் பழுதுபார்க்கும் ‘ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ்’ கட்டளையைத் தேடிப் போகாதீர்கள். அது கெட்ட பக்கத்தை அதிலுள்ள வரிகளோடு சேர்த்து நீக்கிவிடக்கூடும். பழுதான வட்டின் மேலேயே அதை ஓட்டினால் நாளை இன்னொரு பக்கம் கெடும். ஊபியிலும் அதை உடனே ஓட்டச் சொல்லி நெருக்கினார்கள். நாங்கள் முதலில் தரவில் செய்த மாற்றங்களைப் பதியும் பரிவர்த்தனை லாகின் கடைசிப் பகுதியைப் பேக்கப் எடுத்தோம், பிறகு வேறொரு சர்வரில் முழு பேக்கப்பையும் அதைத் தொடர்ந்த லாகுகளையும் வரிசையாக மீட்டோம், தரவுத்தளம் முழுவதையும் சோதிக்கும் ‘செக்டிபி’ கட்டளை பிழையின்றி முடிந்த பின்னரே பயனாளர்களை உள்ளே விட்டோம். ஒரு மாலை முழுவதும் பணி நின்றது, ஆனால் ஒரு வரியும் தொலையவில்லை.