இருக்கிற மேசையிலேயே கிடக்கும் இருபதாயிரம்

மகனுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் சரக்குக் கம்பனியில் ஆவண உதவியாளர் வேலை. சேர்ந்து 4 வருடமும் 8 மாதமும் ஆகின்றன. இரவு எட்டு மணி தாண்டித்தான் கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வருகிறான், முகத்தில் களை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. இன்னொரு கம்பனி மாதம் 110,000 ரூபாய் தருவதாகக் கடிதம் கொடுத்திருக்கிறது, மாறலாமா என்று கேட்கிறீர்கள். வெள்ளவத்தை மாமாவோ, உடனே மாறட்டும், கடன் எடுத்தாவது எம்பிஏ படிக்கட்டும், பொம்பிளை வீட்டாருக்குச் சொல்ல ஒரு பட்டம் வேண்டாமா என்கிறார்.

மாமாவின் அக்கறையில் குறை இல்லை. கணக்கில்தான் குறை.

இப்போது அடிப்படைச் சம்பளம் 80,000, போக்குவரத்துப் படி 10,000. புதிய இடத்தில் அடிப்படை 55,000தான். மிச்சம் 55,000 'ஊக்கத்தொகை'. ஊக்கத்தொகையை எந்த மாதமும் குறைக்கலாம். அதை ஈபிஎப் என்னும் ஊழியர் சேமலாப நிதிக்கு வெளியே வைத்திருப்பதையும் நீங்கள் அனுப்பிய கடிதத்திலேயே காணலாம். அடிப்படைச் சம்பளத்தில் அந்த நிதிக்கு முதலாளி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈடிஎப்) 3 வீதமும் கட்ட வேண்டும். இன்று மகன் பெயரில் மாதம் 12,000 விழுகிறது. அங்கே போனால் 8,250. ஆகவே கூடுதல் 20,000 அல்ல, 16,250.

அடுத்தது பணிக்கொடை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. தானே விலகினாலும் கிடைக்கும். டிசம்பரில் மகனுக்கு 5 வருடம் முடியும்போது அது 200,000 ரூபாய். இன்று விலகினால் சதமும் இல்லை. அந்தப் பணத்தைப் புதிய சம்பளத்தின் கூடுதலால் ஈடுகட்டவே ஒரு வருடத்துக்கு மேலாகும்.

இனி, குடும்பத்தில் ஒருவரும் பேசாத வழிக்கு வருகிறேன். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். அதுவும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வாங்கக் கூடாது. மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து ஒன்றரையால் பெருக்கினால் மணித்தியால வீதம் வரும்: 80,000க்குச் சரியாக 500 ரூபாய். மகன் ஐந்து நாளும் 5.30க்கு எழும்பாமல் 7.30 வரை இருக்கிறார். வாரம் 10 மணித்தியாலம், நான்கு வாரத்துக்கு 20,000. மாமா ஓடிப்போய்ப் பிடிக்கச் சொல்லும் அதே தொகை!

இதை நடைபாதையில் மனேஜரை மறித்துக் கேட்டால் 'பார்ப்போம்' என்ற பதில்தான் வரும். முதலில் மூன்று மாத வருகைப் பதிவை எடுக்க வேண்டும். கைரேகை மெஷின் அறிக்கையை மனிதவளப் பிரிவில் கேட்கலாம். தர மறுத்தால், மாலை 5.30க்குப் பிறகு வந்த வேலை மின்னஞ்சல்களையும் வாட்ஸப் கட்டளைகளையும் திகதி வாரியாக ஒரு தாளில் எழுதட்டும். பிறகு ஒரு பக்கக் கடிதம்: 'மே முதல் ஜூலை வரை இத்தனை மணித்தியாலம் மேலதிகமாக வேலை செய்துள்ளேன். இதற்கான கொடுப்பனவைச் சம்பளப் பட்டியலில் சேர்க்குமாறும், வாரத்தில் இரண்டு நாள் 5.30க்குச் செல்ல அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.' மேலே ஒரு வார்த்தையும் வேண்டாம். பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்கிக்கொள்ளட்டும்.

இரண்டு இடத்தில் காரியம் கெடும். வேறு கம்பனிக் கடிதத்தை மேசையில் போட்டுப் பயமுறுத்தினால், 'அப்படியானால் போங்கள்' என்பார்கள். டிசம்பருக்கு முன் அந்தப் பதில் நமக்கு உதவாது. மற்றது, காசுக்குப் பதிலாக 'எக்சிகியூட்டிவ்' என்ற பதவிப் பட்டம் தருவார்கள். அந்தப் பட்டம் வந்த அன்றே ஓவர்டைம் நின்றுவிடுவதுதான் நம் கம்பனிகளில் வழக்கம். அடிப்படைச் சம்பளம் குறைந்தது 20,000 கூடாமல் அதை ஏற்க வேண்டாம். புதிய கம்பனி நீட்டுவதும் அதே பட்டத்தைத்தான் என்பதைக் கவனித்தீர்களா?

கேட்டதற்காக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி நிறுத்த முடியாது. இந்தப் பாதுகாப்பு மகனுக்கு இன்று இருக்கிறது. புதிய இடத்தில் முதல் ஆறு மாதம் இருக்காது. ஆனால் பிந்திப் போவது, பொய் லீவு போன்ற சாக்குகளுக்கு இந்த மாதங்களில் இடம் கொடுக்கக் கூடாது.

எம்பிஏ வேண்டாம். இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. பல இலட்சம் ரூபாய் கடன், அதுவும் படிப்பவர் கேட்காத படிப்புக்கு. மகனுக்குப் பிடித்தது சுங்க வகைப்படுத்தல் என்று நீங்களே இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்: எந்தச் சரக்கு எந்தத் தீர்வைக் குறியீட்டில் வரும் என்று சாப்பாட்டு நேரத்திலும் விளக்குவாராம். கிழமையில் இரண்டு மாலை அதற்குக் கிடைத்தால் போதும். கடிதத்தில் 5.30 கேட்கச் சொன்னதும் அதற்காகத்தான். பொம்பிளை வீட்டாரை மாமா சமாளிக்கட்டும்.

ஈபிஎப் கட்டாமல் விட்டிருந்தால் மட்டும் என் பேச்சு மாறும். அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சம்பளத்தில் 8 வீதத்தை வெட்டிக்கொண்டு நிதிக்கு அனுப்பாத முதலாளியிடம் எதையும் பேசிப் பெற முடியாது. நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டு வெளியேறலாம்.

கடிதத்துக்கு ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல் கொடுத்துவிட்டு, டிசம்பர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கட்டும். ஒரு மாத முன்னறிவித்தலை இன்றே கொடுத்தாலும் செப்டெம்பர் வந்துவிடும், ஆக மேலதிகமாகப் பொறுப்பது மூன்று மாதம்தான். விலகல் கடிதத்தில் கடைசி வேலை நாள், 5 வருடம் பூர்த்தியாகும் திகதிக்குப் பின்னால் விழ வேண்டும். புதிய கம்பனியில் சேர்வதை ஜனவரிக்குத் தள்ளக் கேட்கலாம். முதல் வருடத்தில் வருடாந்த லீவு இல்லை; அடுத்த வருடம் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு 14 நாள், ஜூலை முதல் செப்டெம்பருக்குள் சேர்ந்தவருக்கு 7 நாள்தான். அப்போதும் 55,000 அடிப்படையை 80,000 ஆக்கி எழுத்தில் தராமல் கையொப்பம் இட வேண்டாம்.