டர்போவை மாற்றும் முன் ஹோஸைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1.3 லிட்டர் டர்போ எஞ்சின். கொஞ்ச நாளாக மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்பக்கமிருந்து விசில் சத்தம் வருகிறது. சும்மா ஓடவிட்டால் சத்தமே இல்லை. பிக்கப்பும் குறைந்துவிட்டது, கறுப்புப் புகை வேறு தள்ளுகிறது. மெக்கானிக் டர்போ போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: மாற்றாதீர்கள், இப்போதைக்கு. நீங்கள் சொல்லும் மூன்று அடையாளங்களும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் பகுதி) அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைத்தான். டர்போ காற்றை அழுத்தி அனுப்புகிறது. ஹோஸில் எங்காவது வெடிப்பு இருந்தால் அந்தக் காற்று அதன் வழியாகப் பீறிடும், அதுதான் விசில். எஞ்சினுக்குப் போய்ச் சேரும் காற்று குறைவதால் டீசல் முழுசாக எரியாது, அதனால் கறுப்புப் புகையும் பிக்கப் இல்லாத இழுவையும். ஐடிலிங்கில் அழுத்தம் அவ்வளவாக இருக்காது என்பதால் வண்டி நிற்கும்போது சத்தம் வராது, ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி ஆன் பண்ணிக் காட்டினால் "ஒன்றும் இல்லையே சார்" என்று அனுப்பிவிடுவதும் இதனால்தான்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து அந்த ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள், முக்கியமாக வளைவின் அடிப்பக்கம், அப்புறம் கிளாம்ப் கடிக்கிற ஓரம். மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும் ஹோஸை லேசாக மடக்கினால் அடியில் வாய் பிளக்கும். அந்தக் காற்றோடு கொஞ்சம் ஆயில் ஆவியும் போவதால், கசிகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் கறுப்பாகப் படிந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் எல்லா இணைப்பையும் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பைபாஸில் கொஞ்ச தூரம் நன்றாக மிதித்து ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், புதுசாக எங்கே ஈரமாகிறதோ அந்த இடம்தான். அப்படியும் சிக்கவில்லை என்றால், காற்று வரும் வழியை அடைத்துக் கம்ப்ரசரில் குறைந்த அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பார்க்கச் சொல்லுங்கள். குழாய்க்குள் புகையை விட்டுக் கசிவைக் கண்டுபிடிக்கும் ஸ்மோக் டெஸ்ட் வசதி உள்ள இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

ஹோஸ்தான் என்றால் ஒரிஜினல் ஹோஸும் புது கிளாம்பும் போடுங்கள். டேப் சுற்றி ஓட்டவே ஓட்டாதீர்கள், சூட்டுக்கும் எண்ணெய்க்கும் அது நிற்காது.

டர்போவையே பார்க்க வேண்டுமென்றால், ஆறிய எஞ்சினில் ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, உள்ளே தெரியும் சக்கரத்தை விரலால் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் சகஜம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை சுற்றுச்சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ போய்விட்டதுதான். நீலப்புகை, ஆயில் குறைவது, மிதிக்க மிதிக்க ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறுகிற சத்தம், இவையும் அதைத்தான் காட்டும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழல்கிற சாமான் அது, இந்த நிலையில் ஓட்டினால் உடைந்த துண்டு எஞ்சினுக்குள் போகலாம். இதைக் கழற்றிக் காட்டாமல் டர்போ மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஹோஸ் செலவோடு ஒப்பிட்டால் அது எங்கேயோ போய் நிற்கும்.

கேள்வி: எனக்கு நேர்மாறாக இருக்கிறது. பெட்ரோல் கார், சிக்னலில் நிற்கும்போது மட்டும் மெல்லிய விசில், ஆர்பிஎம் முள்ளும் ஏறி இறங்குகிறது. மிதித்தால் சத்தம் போய்விடுகிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் வண்டியில் காற்று உள்ளே இழுபடுகிறது. பெட்ரோல் எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது, காற்று வரும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், உறிஞ்சல் பலமாக இருக்கும், எங்கே ஓட்டை கிடைத்தாலும் காற்று விசிலடித்துக்கொண்டு நுழையும். வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். மூடி பலமாக உறிஞ்சிக்கொண்டு வந்து, திறந்ததும் விசில் நின்றுவிட்டால் பிசிவி வால்வு (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் வால்வு) போயிருக்கிறது. இல்லையென்றால் மெல்லிய வேக்குவம் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரித்துப் பார்க்க வேண்டும், எதை நெரிக்கும்போது சத்தம் அடங்குகிறதோ அதன் பக்கம் தேடலாம். பிரேக் பெடல் கட்டையாக இருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயோ பூஸ்டரோ கிழிந்திருக்கலாம். சூடான எஞ்சின் மேல் பெட்ரோலோ கார்புரேட்டர் கிளீனரோ அடித்து லீக் தேடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, தீப்பிடிக்கும், அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: மழைக்காலக் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கீச்சென்று சத்தம், ஏசி போட்டால் அதிகமாகிறது.
– வாசகர், வால்பாறை

பதில்: ஃபேன் பெல்ட். பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சத்தம் நின்று கொஞ்ச நேரத்தில் திரும்பினால் பெல்ட்டோ, புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததோ காரணம், இன்னும் அதிகமானால் டென்ஷன் தளர்ந்திருக்கிறது. ஒரு மாற்றமும் இல்லாமல் உறுமல் கலந்து வந்தால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி அல்லது ஆல்டர்நேட்டர் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட்டில் எண்ணெயோ பவுடரோ போட வேண்டாம். புது பெல்ட் போட்டும் சீக்கிரமே கத்தினால் மேலே எங்காவது கூலன்ட் சொட்டுகிறதா என்று பாருங்கள்.